ஹொலஷொவிட்செ போகுமுன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சனிக்கிழமை ஹொலஷொவிட்செ கிராமத்துக்குப் போவதாக எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். நீ இருக்கும் செக் நாட்டு நகரம் செஸ்கே புட்யெயொவிட்செவிலிருந்து மேற்கே 15 கிலோமீட்டர்தான். ஆனாலும் பஸ் ஏறுமுன் திரும்பி வர எத்தனை மணிக்கு பஸ் என்று பார்த்து வைத்துக்கொள்.

வருகிறவர்கள் வண்ண முகப்புகளைப் படம் பிடித்துக்கொண்டு அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். நீ அப்படி வந்துவிடாதே கண்ணு. அங்கே மிகப் பழையது சுவர் இல்லை, ஊர் போட்ட விதம். அதனால் முதலில் நடுத்திடலை நடந்து பார். நீளம் 210 மீட்டர், அகலம் 70. உன் நடைக்கு 300 எட்டு, 100 எட்டு. திடலில் ஒரு மீன்குளம், பழைய கொல்லர் பட்டறை, 1755-இல் கட்டிய நெபொமுக் புனித யோவான் சிற்றாலயம். இவற்றைச் சுற்றி 20-க்கும் மேற்பட்ட பண்ணைமனைகள், எல்லாமாகச் சுமார் 120 கட்டடங்கள்.

ஒரு மனை முன்னால் நின்று நிதானமாகப் பார். இரண்டு முக்கோண முகப்புகள் தெரியும், நடுவில் வளைவு வாசல். ஒரு முகப்பு வீடு, மற்றது தானியக் களஞ்சியம். புதிதாய்ப் பார்க்கிறவர்கள் இரண்டையும் வீடு என்றே நினைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வாசல் திடல் பக்கம் இல்லை, முற்றத்துக்குள். அடுப்பு இருக்கும் வெதுவெதுப்பான அறை திடலைப் பார்த்து இருக்கும், அதை அடுத்து நடைவழி, அதற்கும் பின்னால் சரக்கறையோ தொழுவமோ. முற்றத்தின் கடைசியில் குறுக்கே வைக்கோல் கொட்டகை. வயலிலிருந்து வரும் வண்டி பின்பக்கமாகவே உள்ளே வந்துவிடலாம்.

முகப்பில் எழுதியிருக்கும் ஆண்டைப் பார்த்து ஏமாறாதே. அது முகப்பைப் புதுப்பித்த ஆண்டாகவே இருக்கும், மனையின் வயது அதைவிட மிக அதிகம். மரவீடுகள் போய், கல்லும் செங்கல்லும் வைத்து, நெளிவும் சுருளுமாய்ச் சுண்ணாம்புச் சாந்தில் இழைத்ததெல்லாம் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில். 1848-இல் பண்ணையடிமைக் கடமைகள் ஒழிந்து நிலம் சொந்தமானதும், குடியானவர்கள் கையிருப்பை முகப்பில் போட்டார்கள். வளைவும் அலங்காரமும் மிகுந்த பரோக் பாணியைக் கிராமத்தார் தம் போக்கில் எடுத்துக்கொண்ட இதைத்தான் நாட்டுப்புற பரோக் என்கிறார்கள்.

சுவர் அடியில் எங்காவது பூச்சு உப்பி உதிர்ந்திருந்தால் குனிந்து பார். பழைய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சு ஆகாது. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியே காய்ந்துவிடும். சிமெண்டு அதை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு உப்பு பூத்து, பனிக்காலத்தில் உறைந்து, பூச்சு ஏடு ஏடாகக் கழன்றுவரும்.

இனி ஊரின் கதை. 1292-இல் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இந்த ஊரை விஷ்ஷி ப்ரோட் என்ற இடத்துக் கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்குக் கொடுத்தார். 1520-க்கும் 1525-க்கும் நடுவில் பிளேக் வந்து, மிஞ்சியது இரண்டே பேர். மடம் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தியது. வந்தவர்கள் பழைய அமைப்பைக் கலைக்கவில்லை. ஊர் ஜெர்மன் பேசும் ஊராகிப்போனது. 1895-இல் ஜெர்மானியர் 157 பேர், செக்கர்கள் 19 பேர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள், மனைகள் பல பூட்டிக் கிடந்தன. கூரை ஒழுகி நிறைய கெட்டுப்போனது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆள் இல்லாததாலேயே யாரும் இடித்துக் கட்டவும் இல்லை. 1990-க்குப் பிறகு பழுதுபார்த்துக் குடிவந்தார்கள், 1998-இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. ஆக, 'மாறாத ஊர்' என்று யாராவது சொன்னால் பாதிதான் சரி. குடிகள் இரண்டு தடவை ஏறக்குறைய அற்றுப்போய் வேறு ஆட்கள் வந்தார்கள், மனை எல்லை மட்டும் நின்றது.

கிளம்புமுன் கொட்டகைகளுக்குப் பின்னால் போய்ப் பார்க்க மறந்துவிடாதே. ஒவ்வொரு மனைக்கும் பின்னால் தோட்டம், அதற்கப்பால் வயல். தெற்கே பிளான்ஸ்கி லெஸ் காட்டுமலை, அதில் 1,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் க்ளெட் சிகரம். வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்தே தெரியும். ஈரமண், நல்ல ஷூவாகப் போட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா