அவரிடமும் கேளுங்கள்: குடும்ப நலத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் குடும்ப நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள திருமணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.1 விழுக்காடு. நாடு முழுவதும் சேர்த்தாலே 0.3தான், நாம் அதற்கும் கீழே.

ஆண்கள் முன்வருவதில்லை என்பீர்கள். அவர்களை யார் கேட்டார்கள்? கர்ப்பத்தைப் பதிந்த நாளிலிருந்து கிராம சுகாதார செவிலியர் பேசுவது மனைவியிடம். இரண்டாவது பிரசவம் என்றால், "அப்படியே ஆபரேஷனும் முடிச்சிரலாமாம்மா?" என்று கேட்பதும் வலியில் கிடக்கும் அவளிடம்தான். கணவர் வராந்தாவில் நின்று தலையாட்டுவார். "உங்களுக்குப் பண்ணிடலாமா சார்?" என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெண்ணுக்கு வயிற்றைத் திறக்க வேண்டும். ஆணுக்கு, மரத்துப்போக ஊசி, விதைப்பையில் சிறு துளை, சில நிமிட வேலை. தையல்கூடக் கிடையாது, அன்றே வீட்டுக்குப் போகலாம். சீன மருத்துவர் லீ ஷுன்ச்சியாங் இந்த முறையைக் கண்டு அரை நூற்றாண்டு ஆகிறது. நாமோ இன்னும் பெண்களையே வரிசையில் நிறுத்துகிறோம். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்து முகாம்களில் ஆபரேஷன் செய்துகொண்ட 13 பெண்கள் செத்துப்போனார்கள்.

எமர்ஜென்சி காலத்தில் (1975-77) ஆண்களைப் பிடித்துப்போய்க் கட்டாயமாகக் கருத்தடை செய்த கசப்பு மறக்கக்கூடியதல்ல. கட்டாயப்படுத்தச் சொல்லவில்லை, கேட்கச் சொல்கிறேன்.

வீரியம் போய்விடும், மூட்டை தூக்க முடியாது என்ற பயத்துக்கு, நவம்பர் கடைசியில் நடக்கும் ஆண் கருத்தடை இருவாரப் பிரசாரத்துக்குக் கட்டும் பேனர் பதிலாகாது. விந்துக்குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள், ஹார்மோன் வழக்கம்போல் சுரக்கும் என்பதை ஓர் ஆண் ஊழியர் எதிரே உட்கார்ந்து சொல்ல வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: இது அன்றே பலிக்காது. மூன்று மாதம் ஆணுறையோ வேறு வழியோ வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனை. இதைச் சொல்லாமல் விட்டு, இடையில் மனைவிக்குக் கரு தங்கினால் ஊர் யாரைச் சந்தேகப்படும் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே, ஏழாம் மாதப் பரிசோதனைக்கு முன்பே சுகாதார ஆய்வாளர் ஒருவர் கணவரைத் தனியே பார்த்துப் பேச ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் வாரத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர் மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வந்தாரா என்று விசாரிக்கும் பொறுப்பையும் அந்த ஆய்வாளரிடமே கொடுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்