முதலில் பாட்டு, அப்புறம்தான் கேமரா

பாப்பா,

உன் ராப் பாட்டைக் கேட்டேன், அதற்கு வீடியோ எடுக்கும் திட்டத்தையும் படித்தேன். இரண்டாவது வெர்ஸ் (சரணம்) தெறிக்கிறது. முதல் வெர்ஸில் கடைசி நாலு வரிக்கு மூச்சு விட இடமே இல்லை, அதை இப்போதே சரி செய். அடுத்த ஞாயிறு ஷூட்டிங், பாட்டில் பாக்கி இருக்கும் வேலையை எடிட்டோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அது நடக்காது. மிக்ஸிங் பாக்கி இருக்கலாம், பாஸைக் கூட்டலாம், ரிவெர்பைக் குறைக்கலாம். ஆனால் சொல், நீளம், டெம்போ மூன்றையும் ஷூட்டிங்குக்கு முன்னாடியே பூட்டிவிட வேண்டும். 90 பிபிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 90 பீட் வேகத்தில், வாயசைத்து எடுத்த பிறகு, இன்னும் கொஞ்சம் ஏறினால் நல்லாயிருக்கும் என்று யாராவது 92 ஆக்கினால், இரண்டரை நிமிஷப் பாட்டின் முடிவில் வாய்க்கும் குரலுக்கும் மூன்று வினாடிக்கு மேல் இடைவெளி விழும். எந்த எடிட்டராலும் அதை மறைக்க முடியாது.

பீட் யாருடையது என்று நீ எழுதவே இல்லை. யூடியூபில் ‘ஃப்ரீ’ என்று போட்டிருக்கும் டைப் பீட் (பிரபல பாடகர் ஒருவரின் பாணியில் செய்த ரெடிமேட் பீட்) பெரும்பாலும் காசு பார்க்காத உபயோகத்துக்கு மட்டும்தான் ஃப்ரீ. அந்த யூடியூப் வீடியோவுக்குக் கீழே இருக்கும் குறிப்பை வரிவிடாமல் படி. காசு கொடுத்து லீஸ் (உபயோகிக்கும் அனுமதி) எடுத்தால் ரசீதையும் ஒப்பந்தத்தையும் பத்திரமாக வை. ஒரே பீட்டைப் பலருக்கு லீஸ் விடுவார்கள். அவர்களில் ஒருவர் தன் பாட்டை கன்டென்ட் ஐடியில் (யூடியூப் தானாக உரிமை சரிபார்க்கும் ஏற்பாடு) பதிந்துவிட்டால் உன் வீடியோவுக்கும் கிளெய்ம் வரும், அன்றைக்கு அந்தத் தாள்தான் பேசும். ஹுக்கில், திரும்பத் திரும்ப வரும் அந்தப் பகுதியில், பழைய சினிமாப் பாட்டுத் துண்டு ஒன்று கேட்கிறதே, அதை எடுத்துவிடு. 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க் பிறர் இசைத்தட்டிலிருந்த பிரேக்கை (தாளம் மட்டும் ஒலிக்கும் துண்டை) நீட்டி வாசித்ததில்தானே ஹிப்-ஹாப்பே பிறந்தது என்று உன் கூட்டாளி வாதாடுவான். வரலாறு சரிதான், கிளெய்ம் அதற்காக நிற்காது. அந்த வரியை நீங்களே பாடிப் பதிந்தாலும் ஒலிப்பதிவு உரிமைச் சிக்கல் மட்டும்தான் தீரும். மெட்டுக்கும் வரிக்கும் உரிமை தனியாக இருக்கிறது, அது எழுதியவர் காலமாகி 60 வருஷம் வரை நீடிக்கும்.

இனி கணக்கு. 90 பிபிஎம் என்றால் ஒரு பீட் 0.667 வினாடி, நாலு பீட் சேர்ந்த ஒரு பார் 2.667 வினாடி. உன் பாட்டில் இன்ட்ரோ 4 பார், வெர்ஸ் 16, ஹுக் 8, வெர்ஸ் 16, ஹுக் 8, அவுட்ரோ 4. ஆக 56 பார், 2 நிமிஷம் 29 வினாடி. கேமராவை வினாடிக்கு 24 ஃப்ரேமில் வைத்தால் ஒரு பீட் மிச்சமில்லாமல் 16 ஃப்ரேம், ஒரு பார் 64. டைம்லைனில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். 25-ல் எடுத்தால் 16.67 வரும், வெட்டு பெரும்பாலும் அரைகுறையாகவே உட்காரும். அடுத்த பாட்டுக்கும் குறித்துக்கொள், 24 ஃப்ரேமில் 80 பிபிஎம்முக்கு 18, 96-க்கு 15, 120-க்கு 12, 144-க்கு 10.

நீளமான தாள் ஒன்றில் 56 கட்டம் போடு. ஒவ்வொன்றிலும் அந்த பாரின் வரி, இடம், யார் இருக்கிறார்கள், ஷாட் வைடா குளோஸா என்று எழுது. ஸ்டோரிபோர்டு வரைய உட்கார்ந்து ஒரு வாரத்தை வீணாக்காதே, இந்தத் தாள் போதும். வெர்ஸ் முழுக்க கேமராவைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டே இருந்தால் எட்டாவது பாரில் ஆள் ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடுவான். மூன்றில் இரண்டு பங்கு பாடுவது, ஒரு பங்கு மற்றது: கை, செருப்பு, தண்ணீர் லாரி, மொட்டைமாடி ஆன்டெனா, வரியில் வரும் பொருள். வரியில் வருவதையெல்லாம் காட்டிவிடவும் கூடாது. ‘மழை’ என்ற சொல் வரும்போதெல்லாம் மழையைக் காட்டினால் அது எல்.கே.ஜி. பாட்டு.

இடம் நாலு என்று எழுதியிருக்கிறாய். இரண்டு போதும். ஓர் இடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது சென்னை டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் தின்னும். பாட்டு இரண்டரை நிமிஷம்தான், ஆனால் வியர்வை துடைத்து, நின்ற இடத்துக்குத் திரும்பி, மறுபடி ஆரம்பிக்க ஒரு டேக்குக்கு எட்டு நிமிஷம் ஆகும். ஓர் இடத்தில் பாட்டு முழுவதையும் வைடில் ஒன்று, இடுப்புவரை ஒன்று, குளோஸில் ஒன்று, நடந்துகொண்டே ஒன்று என்று எடு. ஹுக்கை மட்டும் கூட்டத்தோடு மூன்று தடவை. துண்டு துண்டாக நாலு நாலு வரியாக எடுத்தால் முகத்தில் சூடு ஏறாது, எடிட்டிலும் கை கட்டிப்போன மாதிரி இருக்கும்.

சென்னை கண்ணகி நகர்க் குடியிருப்பின் சுவரோவியங்களை நினைத்திருப்பது நல்ல யோசனை. பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் ஓவியத்தைப் படத்தில் சேர்ப்பதற்கு நம் காப்புரிமைச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் அங்கே இருப்பவர்கள் நகரத்தின் நடுவிலிருந்து பெயர்த்துக் குடியமர்த்தப்பட்ட ஜனங்கள், அவர்கள் வீட்டு வாசல் உன் செட் இல்லை. முந்தின நாளே போய் அந்த பிளாக்கில் பெரியவர்களிடம் பேசு. முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் கையெழுத்து, குழந்தை என்றால் பெற்றவர் கையெழுத்து. பறை வாசிக்கிற தம்பிகளைக் கூப்பிட்டால் சாப்பாட்டோடு நிறுத்தாதே, சம்பளம் கொடு, பெயரையும் போடு. ரயில்வே ஸ்டேஷனுக்கு ரயில்வே அனுமதி வேண்டும், மெரினாவுக்கு மாநகராட்சியும் போலீசும். கேட்காமல் எடுத்துப் பாதியில் விரட்டப்பட்டால் அந்த இடத்து ஷாட் எதுவும் முழுசாக இருக்காது. உங்கள் காலேஜ் மொட்டைமாடிக்கு ஒரு கடிதம் போதும், அதை இரண்டாவது இடமாக வை. அட்டையில் செய்ததாக இருந்தாலும் அரிவாள் வேண்டாம், ஹெல்மெட் இல்லாத பைக் வேண்டாம், பஸ் ஃபுட்போர்டு வேண்டவே வேண்டாம். மாணவர்கள் விஷயத்தில் சென்னை போலீஸ் இவற்றை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கும் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

நாகராவுக்கு, அதாவது ஷூட்டிங்கில் பாட்டுப் போடுவதற்கு, ஒரு ஆளைத் தனியாகப் போடு. பாட்டை ஒலிக்கவிடுவது மட்டும்தான் அவன் வேலை. ஸ்பீக்கரை ப்ளூடூத்தில் ஓட்டாதே, அதில் ஒலி தாமதமாக வரும், அந்தத் தாமதமும் ஒரே அளவாக இருக்காது. ஆக்ஸ் கேபிள் போடு. ஸ்பீக்கர் பாடுகிறவளின் காலடிக்குப் பக்கத்தில், ஃப்ரேமுக்கு வெளியே இருக்கட்டும். ஒலி வினாடிக்கு 343 மீட்டர்தான் போகும், 14 மீட்டர் தள்ளி வைத்தாலே ஒரு ஃப்ரேம் பின்தங்கிவிடும். பாட்டு ஃபைலை 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (WAV) ஃபைலாக எடு. முன்னால் ஒரு பீப், பிறகு நாலு பீட் கவுன்ட், அப்புறம் பாட்டு. கவுன்ட் இல்லாவிட்டால் ஒவ்வொரு டேக்கிலும் முதல் சொல் தவறும். ஹுக், இரண்டாவது வெர்ஸ் ஆரம்பங்களுக்கும் இதே மாதிரி தனித்தனி ஃபைல் வெட்டி வை. கேமராவின் மைக்கை அணைக்காதே. அந்தச் சத்தம் வீடியோவில் வராது, ஆனால் எடிட்டில் டேக்கைப் பாட்டோடு பொருத்த அதுதான் கொக்கி.

பாடும்போது நிஜமாகவே சத்தமாகப் பாடு. உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்து நரம்பு எழும்பாது, நெஞ்சு ஏறி இறங்காது, பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாமலே பொய் என்று தெரிந்துவிடும். பின்னால் வரும் ‘ஏய்’, ‘ஆமா’ போன்ற ஆட்-லிப்களை யார் சொல்வது என்று இப்போதே பிரித்துக்கொடு. நீயே வரியையும் சொல்லி ஆட்-லிப்புக்கும் வாயசைத்தால் கேலிக்கூத்து.

ஸ்லோமோஷனில் வாய் மட்டும் பாட்டோடு சேரும் ஷாட் கேட்டிருந்தாய். கேமரா 48 ஃப்ரேம், பாட்டு இரண்டு மடங்கு வேகம், டைம்லைன் 24. ஆனால் உன் வெர்ஸ் அப்போது 180 பிபிஎம்மில் ஓடும், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 30 ஃப்ரேமில் எடுத்து, பாட்டை 1.25 மடங்கு வேகத்தில் விடு, 112.5 பிபிஎம் ஆகும், வாய் தாங்கும். எடிட்டில் அந்தக் கிளிப்பை 24-ஆக மாற்றிவிட்டால் உடம்பு மிதக்கும், சொல் சரியாக நிற்கும். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டிய ஃபைலை முன்பே தயார் செய். இரண்டு மடங்கை ஹுக்குக்கு மட்டும் வைத்துக்கொள்.

ஷட்டர் 1/50. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும், 1/50-ல் சரியாக இரண்டு மினுக்கு அடங்கிவிடும். ஃபோனை ஆட்டோ மோடில் விட்டால் 1/60-க்குப் போய் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். 48 ஃப்ரேமுக்கு 1/100. விலை மலிந்த கலர் எல்இடி பட்டைகள் இந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது, வாங்கினவுடன் பத்து வினாடி எடுத்துப் பெரிய திரையில் பார். வெயிலில் 1/50 வைத்தால் வெளுத்துவிடும், லென்ஸ் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும்.

எக்ஸ்போஷரையும் வொயிட் பேலன்ஸையும் லாக் பண்ணு. ஆட்டோ மோடில் வெள்ளைச் சுவர் பின்னால் வந்ததும் உங்கள் முகம் கருக்கும், கறுப்புக் கடை ஷட்டர் வந்ததும் வெளுக்கும், ஒரே டேக்கில் நாலு நிறம். நம் நிறத்து முகத்துக்கு நேராக லைட் அடித்து வெளிச்சமாக்கப் பார்க்காதே. பக்கவாட்டில் பெரிதாக, மென்மையாக வரட்டும், தோல் தானே மின்னும். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பெரிய தெர்மாகோல் அட்டை ஒன்று, வெளிச்சத்தை மென்மையாக்கும் ஸ்கிம்மர் துணிக்குப் பதிலாக வெள்ளை வேட்டி ஒன்று, இரண்டும் போதும். காலை ஆறிலிருந்து எட்டரை, மாலை நாலரைக்கு மேல், இதுதான் நேரம். நடுப்பகலில் கண் இரண்டும் குழியாகிவிடும். சாயங்காலத்தை நம்பி முக்கியமான டேக்கைக் கடைசியில் வைக்காதே, நம் ஊரில் சூரியன் இறங்கினால் இருபது நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

ஃபோனில் எடுப்பதென்றால் பிளாக்மேஜிக் கேமரா ஆப்பில் 24-ஐ நிலையாக வை. ஃபோனோடு வரும் கேமரா ஃப்ரேம் வேகத்தை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கும், பாட்டின் பாதியிலிருந்து வாய் விலக ஆரம்பிக்கும். அப்படி எடுத்துத் தொலைத்தால் எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்டுக்கு (மாறாத ஃப்ரேம் வேகத்துக்கு) மாற்று. வெயிலில் ஃபோன் சூடேறி நின்றுவிடும்: கவரைக் கழற்று, சார்ஜ் போட்டபடி எடுக்காதே, டேக்குக்கு நடுவில் நிழலில் வை. ஐஸ் பெட்டியில் வைக்காதே, உள்ளே ஈரம் கோக்கும். 100 எம்பிபிஎஸ்ஸில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. இரண்டு ஹார்டுடிஸ்க்கில் ஏற்றி, இரண்டிலும் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும், அதுவும் ஒரே ஆள்.

காசு 10,000 சேர்த்திருக்கிறீர்கள். அதில் 3,000 சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும். பதினொரு மணிக்குப் பசித்த டான்ஸர் முகத்தை எந்த கலர் கிரேடிங்கும் காப்பாற்றாது.

எடிட்டில் எல்லா டேக்கையும் முதலில் பாட்டோடு பொருத்தி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே தாராளம். அலைவடிவம் பொருந்திவிட்டது என்று நம்பிவிடாமல், ‘ப’வும் ‘ம’வும் வரும் இடங்களை நிறுத்திப் பார்: உதடு மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் ஒரு ஃப்ரேம், இரண்டு ஃப்ரேம் நகர்த்து. சந்தேகம் வந்தால் படம் ஒரு ஃப்ரேம் முந்தட்டும், குரல் முந்தக்கூடாது. பீட்டுக்கு பீட் வெட்டாதே. ஸ்னேர் டிரம் விழும் இரண்டாவது, நாலாவது பீட்டுக்கு ஒரு ஃப்ரேம் முன்னால் வெட்டு. நல்ல வரி வரும்போது வெட்டாமல் ஒரு பார் முழுக்க உன் முகத்திலேயே நிறுத்து. ரீல்ஸுக்கு நிமிர்த்தி வெட்டும்போது 4கே படத்தில் 1215 பிக்சல் அகலம்தான் மிஞ்சும், அதனால் எடுக்கும்போதே வாய் நடுவில் இருக்கட்டும். கூட்டத்தோடு ஹுக் மட்டும் ஒரு டேக்கை ஃபோனை நிமிர்த்தியே தனியாக எடுத்துவிடு.

முதல் எடிட்டை கலர் போடாமல், டைட்டில் போடாமல் அனுப்பு. வாட்ஸப்பில் வேண்டாம், அது கசக்கிவிடும். டிரைவில் போட்டு லிங்க் அனுப்பு. ஓரத்தில் நிமிஷம், வினாடி காட்டும் டைம்கோடு ஓடட்டும், எங்கே என்ன என்று குறித்துத் தருகிறேன். அதற்கு முன்னால் அந்த நாலு வரியையும் 56 கட்டத் தாளையும் புதன்கிழமைக்குள் காட்டு.

அம்மா