அண்ணனுக்கு: இனி ராத்திரியில் கேட்க மாட்டேன்

அண்ணே,

அப்பாவின் இரண்டாவது தெவசம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். பந்தியில் பாயசத்தை இரண்டாவது தடவை வாங்குவதற்கு முன்னால் நீ என்னைப் பார்த்தாய். நான் பார்க்காத மாதிரி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு மூத்தவன், தோளுக்கு மேல் வளர்ந்த மகள் இருக்கிறவன், தங்கச்சி முகத்தைப் பார்த்துவிட்டுப் பாயசம் குடிக்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இன்றிலிருந்து ராத்திரி பத்தரை மணிக்கு "என்னண்ணே சாப்பிட்டே, நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்று நான் கேட்க மாட்டேன்.

கோபத்தில் எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதே. கோபமும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

அப்பாவின் சர்க்கரை நோய், அவர் கால், பெரியாஸ்பத்திரி, அந்த மழைக்காலம், இதெல்லாம் உனக்குத் தெரியும். சாப்பிடுவதை எல்லாம் தினமும் எழுதி வைக்கிற இந்த நோட்டுகளை நாம் இரண்டு பேரும் எதற்காக ஆரம்பித்தோம் என்பதும் தெரியும். இதை மதினி படிப்பார், உன் மகள் படிப்பாள், சித்தப்பா வீட்டிலும் யாராவது படித்துக் காட்டுவார்கள். அதனால் உன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை (HbA1c) இங்கே எழுதவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் சொன்னதையும் எழுதவில்லை. நான் அதை மறக்கவில்லை, அது மட்டும் போதும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆவணி முகூர்த்தத்தில் தல்லாகுளத்தில் ஒரு வரவேற்புக்குப் போய்விட்டு நானும் அவரும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். கோரிப்பாளையத்தில் பாலம் ஏறி யானைக்கல்லில் இறங்கியபோது, சாலையோரக் கடையில் கொத்துப் பரோட்டா அடிக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் திரும்பினேன். கடை வாசலில் நீ நின்றுகொண்டிருந்தாய். கூட உங்கள் கடைப் பையன்கள் மூன்று பேர். கையில் தட்டு, தட்டில் இலை. பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, அதன் மேல் சால்னாவை ஊற்றச் சொல்லி விரலைக் காட்டினாய். ஒரு பையன் என்னவோ சொன்னான். நீ சிரித்தாய். தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, அப்படியே அப்பா சிரிப்பது போல. அவர் காரியம் முடிந்த பிறகு நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"உங்க அண்ணன் மாதிரி இருக்கே" என்றார் அவர். "ஏங்க, நிறுத்தாதீங்க, போங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். நிறுத்தியிருந்தால் நீ தட்டைக் கீழே வைத்திருப்பாய். பையன்கள் முன்னால் உன் முகம் மாறியிருக்கும். அந்தச் சிரிப்பை நான்தான் வெட்டிவிட்டேன் என்று ஆகிவிடும். அது வேண்டாம் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து புடவை மாற்றிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. உன் நோட்டுப் பக்கம். "இட்லி 3. புதினாச் சட்னி. சர்க்கரை போடாத பால் 1 டம்ளர்." கணக்குப்பிள்ளை கையெழுத்து, கீழே அடிக்கோடு. நான் "சூப்பர்ண்ணே" என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு அடுப்படி விளக்கைக்கூடப் போடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பரோட்டா சாப்பிட்டதற்காக உன் மேல் கோபப்பட நான் யார்? இந்த ஊரில் பிறந்தவள்தானே நானும். காலையில் எழுந்ததும் எனக்கு வந்த கோபம் அந்த மூன்று இட்லி மேல். கீழமாசி வீதியில் இத்தனை வருஷம் பலசரக்குக் கணக்கு எழுதுகிறாய். நாள்வழியில் பத்து ரூபாய் இடித்தால், பேரேட்டை முழுக்கப் புரட்டிக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டாய் என்று மதினி எத்தனை தடவை சலித்துக்கொண்டிருக்கிறார். முதலாளியின் மிளகாய் மூட்டைக்கு நீ காட்டுகிற நேர்மையை உன் உடம்புக்குக் காட்டவில்லை. எனக்கும் காட்டவில்லை. "பாப்பா, இன்னைக்குப் பரோட்டா சாப்பிட்டேன்" என்று ஒரு வரி அனுப்பியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்தாய்?

என்ன செய்திருப்பேன் என்பதை மதினி சொல்லிவிட்டார். "நீ கேட்கிற தோரணைக்கு யாரா இருந்தாலும் பொய்தான் எழுதுவாங்க" என்றார். எண்ணெய் எத்தனை ஸ்பூன், சாதம் எத்தனை கரண்டி, ஏன் காய் இல்லை என்று உன் ஒவ்வொரு பக்கத்துக்கும் கேள்வி போட்டது நான்தான். அது உனக்கு வலித்திருந்தால் மன்னித்துக்கொள் அண்ணே. ஆனால் அப்பாவிடம் இப்படி யாரும் கேட்கவில்லை. மருந்து வாங்கிக் கொடுத்தோம், கால் அமுக்கினோம், தட்டில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, பெரியவர் மனசு நோகக்கூடாது என்று. அதனால்தான் உன்னிடம் கேட்டேன். மன்னிப்புக் கேட்கிற இடத்திலும் வாதாடுகிறேன் என்று நீ சொல்வாய். வாதாடாமல் இருக்க முடியவில்லை.

பொய்யான நோட்டினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும், கடையில் வியர்த்துக் கை நடுங்கி உட்கார்ந்தாயே, அன்று தெரிந்திருக்கும். டாக்டர் உன் நோட்டைப் பார்க்கிறார். மூன்று இட்லி, இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய். ரத்தப் பரிசோதனையைப் பார்க்கிறார், அளவு ஏறியிருக்கிறது. இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டும் ஏறுகிறதே என்று மாத்திரையைக் கூட்டுகிறார். அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிற மாத்திரை. பரோட்டா தின்கிற உடம்புக்கு அளந்து கொடுத்த அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஒரு நாள் நீ நிஜமாகவே இரண்டு சப்பாத்தியோடு நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். நோட்டே எழுதாமல் இருந்திருந்தால்கூட டாக்டர் உன்னிடம் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார்.

எல்லாருடைய நோட்டிலும் கொஞ்சம் பொய் இருக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். 1992-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு செய்தார்கள். எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன 10 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் எழுதிக் கொடுத்ததையும் உடம்பு நிஜமாகச் செலவழித்ததையும் ஒப்பிட்டார்கள். சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதத்தை எழுதாமல் விட்டிருந்தார்கள். ஏமாற்ற வேண்டும் என்று விட்டதில்லை. கைக்கும் வாய்க்கும் நடுவில் போகிற பாதி நம் ஞாபகத்திலேயே நிற்பதில்லை.

என் கதையும் அதுதான். என் நோட்டில் முதல் மாதம் மூன்று வேளை, சுத்தமாக, அளவாக இருந்தது. எடை அசையவில்லை. அப்புறம் ஒரு நாள், பிள்ளைகள் மிச்சம் வைத்த அரைத் தோசையை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டதை எழுதினேன். அன்றைக்கே பாத்திரத்தில் ஒட்டியிருந்த தயிர்சாதம், டப்பாவை மூடுவதற்கு முன்னால் ஒரு பிடி மிக்சர், டீ வடிகட்டும்போது ஒரு வாய், எல்லாவற்றையும் எழுதினேன். நான் உட்கார்ந்து சாப்பிட்டதைவிட நின்றுகொண்டு சாப்பிட்டது நீளமாக வந்தது. வீணாகப் போகக்கூடாது என்று அம்மா செய்ததைத்தான் நானும் செய்துகொண்டிருந்தேன். என்னுடைய பசியைப் பற்றி என்னிடமே யாரோ முதல் தடவையாகக் கேட்டது போல இருந்தது அந்தப் பக்கம்.

இதில் உன் மேல் எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. நீ யானைக்கல்லில் நின்று, உனக்குப் பிடித்ததை, சுடச்சுட, சிரித்துக்கொண்டே சாப்பிடுகிறாய். அதே ராத்திரி மதினி உனக்காக ஊற்றி வைத்த இட்லியை ஆறிப்போன பிறகு தானே சாப்பிடுகிறார். நோட்டில் நீ எழுதிய இட்லி அது. நான் சாதத்தைத் தராசில் வைத்ததற்கு "பொம்பளப்புள்ள சோத்தை நிறுத்துத் திங்குது, வீடு விளங்குமா" என்று அம்மா சொன்னபோது நீயும் சேர்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கு மேல் இங்கே எழுதவேண்டாம்.

"நம்ம ரத்தத்துலேயே இருக்கு பாப்பா, எழுதி என்ன ஆகப்போகுது" என்று அடிக்கடி சொல்வாய். இருக்கட்டும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று வந்தது. இத்தனை வீட்டு ரத்தத்திலும் ஒரே நேரத்தில் கோளாறு வந்திருக்காது. தட்டிலும்தான் ஏதோ மாறியிருக்கிறது. நம் இலையில் நடுவில் மலை மாதிரி சாதம், ஓரத்தில் ஒரு விரற்கடை பொரியல். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999-ல் நம் ஊர் அண்ணாநகரில்தான் திறந்தார்கள். காலையில் போனால் கீரையும் அவரைக்காயும் குவிந்து கிடக்கின்றன. அங்கே வாங்கிவந்தும் நாம் காயைத் தொட்டுக்கொள்ளத்தான் வைத்திருக்கிறோம். 2024-ல் ஹைதராபாத் ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, தட்டில் பாதி காயும் பழமுமாக இருக்கவேண்டும் என்கிறது. என் தட்டு இன்னும் பாதிக்கு வரவில்லை. கால்வாசியைத் தாண்டியிருக்கிறது. போன வருஷம் சர்க்கரை நோயின் வாசலில் நின்ற என் மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.1 சதவீதம், இப்போது 5.8. மாத்திரை இல்லாமல். பெருமைக்குச் சொல்லவில்லை, அதே அப்பாவின் ரத்தம்தான் எனக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும், எனக்குப் பழகிப்போன சிலதைச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி மொத்தமாக உட்கார்ந்து எழுதாதே. அந்த நேரத்தில் சாப்பிட்டதைவிடச் சாப்பிட்டிருக்கவேண்டியதுதான் ஞாபகத்துக்கு வரும். தட்டில் கை வைக்கும் முன்னால் எழுது, நேரம் இல்லையென்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொள். போனில் இருக்கிற செயலிகளின் "ஒரு கிண்ணம்" யார் வீட்டுக் கிண்ணம் என்று எனக்கு இதுவரை பிடிபடவில்லை. அதனால் எங்கள் வீட்டுச் சாதக் கரண்டியை ஒரே ஒரு தடவை தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கரண்டிக்கு 90 கிராம். அதற்குப் பிறகு தராசை எடுக்கவே இல்லை, கரண்டிக் கணக்குதான். கிடா வெட்டுக்குப் போன நாளையும் விடாமல் எழுது, குத்துமதிப்பாக இருந்தால் போதும். ஒரு நாள் விட்டுப்போனால் அந்தப் பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு அடுத்த நாளுக்குப் போ. நான் நாலு நாள் விட்டு, அதை நிரப்ப உட்கார்ந்து, முடியாமல், நோட்டையே மூடி வைத்த காலம் உண்டு.

பரோட்டாவையும் எழுது. மூன்றா நாலா, சால்னா எத்தனை கரண்டி, கூட முட்டை இருந்ததா. 100 கிராம் மைதா 350 கலோரி, அதன் மேல் ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய்க்கு 120. எண்ணெயில் குளித்த மாவு மெதுவாகத்தான் செரிக்கும், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் சர்க்கரை பரவாயில்லை போலத் தெரியும், நள்ளிரவில்தான் ஏறும். இதெல்லாம் தெரிந்தால் நீயே முட்டையை முதலில் சாப்பிட்டு, இரண்டு பரோட்டாவோடு நிறுத்தி, கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவாய். வாரத்தில் ஒரு நாள் அந்தப் பையன்களோடு நின்று சிரித்துவிட்டு வா. அந்தச் சிரிப்பை நான் எடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

என் நோட்டை நான் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். உன்னுடையதைக் கேட்கமாட்டேன், அனுப்பினால் பார்ப்பேன், கேள்வி போடமாட்டேன். டாக்டரிடம் மட்டும் உண்மையைச் சொல். மாத்திரை விஷயம், அதில் நான் விட்டுக்கொடுக்க முடியாது. அடுத்த தடவை போகும்போது மதினியையும் கூட்டிக்கொண்டு போ.

அந்த ஆவணி மாதப் பக்கத்தைக் கிழித்துவிடாதே. கடைக் கணக்கில் தப்பு வந்தால் எப்படிச் செய்வாயோ அப்படிச் செய். "இட்லி 3" மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடு. நான் வண்டியிலிருந்து பார்த்தது ஒரு நிமிஷம்தான், எத்தனை என்று எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட வாருங்கள். அயிரை மீன் கிடைத்தால் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.

பாப்பா