கேரட் கழுவும் சேற்றிலிருந்து எங்கள் ஓடையையும் அதன் தவளையையும் காப்பாற்றக் கோரி மூன்றாவது மனு

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம் ஐயா. குன்னூர் வட்டம், கேத்தி பள்ளத்தாக்கில் குடியிருக்கிறோம். இதே விஷயமாக வேறோர் அலுவலகத்தில் இரண்டு முறை மனு கொடுத்து ரசீதும் வாங்கினோம். பதில் வரவில்லை. சிறு பாலத்துக்கு மேலே, சோலையை ஒட்டி இறங்கும் ஓடை தாங்கள் அறிந்ததுதான்.

1. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான ஓடைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத மரத்தவளை அதில் வாழ்கிறது. காட்டிக்ஸாலஸ் வேரியபிலிஸ் என்பது அறிவியல் பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்டன் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் பதிவு செய்த இனம். சர்வதேச சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

2. ஓடைக்கரையிலேயே கேரட் கழுவும் இயந்திரம் ஓடுகிறது. விடியற்காலையில் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கழுவி, சேறு, உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் அப்படியே ஓடையில் விடுகிறார்கள். இந்தத் தவளை தண்ணீருக்கு மேலே தொங்கும் செடியில் சோப்பு நுரை போல வெள்ளையாகக் கூடு வைக்கும். குஞ்சுகள் அதிலிருந்து சொட்டுச் சொட்டாக ஓடையில் விழ வேண்டும். போன வாரம் நானே பார்த்தேன்: மேலே நுரை, கீழே செம்மண் குழம்பு. பாறையில் விரல் வைத்தால் ஒரு கணு ஆழத்துக்குச் சேறு. பாறைப் பாசியைத் தின்று, தெளிந்த நீரில் மூச்சு விட வேண்டிய தலைப்பிரட்டை அதில் எப்படிப் பிழைக்கும்? அப்புறம், கீழே எங்கள் குடிநீர்க் கிணறும் இருக்கிறது.

3. கேரட் வேண்டாமென்று சொல்லவில்லை ஐயா, நாங்களும் கேரட் போடுகிறவர்கள்தான். இயந்திரத்தைக் கரையிலிருந்து தள்ளி வையுங்கள், சேறு படிய ஒரு தொட்டி கட்டச் சொல்லுங்கள் என்றுதானே கேட்கிறோம்! 1974இலேயே நீர் மாசு தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. இன்னும் எத்தனை ரசீது வாங்க வேண்டும்? யாராவது ஒருவர் வந்து அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தாரா?

வார்த்தை கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கழிவுநீரை ஓடையில் விடுவதை உடனே நிறுத்த உத்தரவிடுமாறு பணிவுடன் மறுபடியும் வேண்டுகிறோம். மழை பிடித்துவிட்டது, நுரைக்கூடு தொங்குகிறது. இந்த வாரத்துக்குள் ஆள் அனுப்புங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்