பாட்டை முதலில் பாருங்கள், பாக்ஸை அப்புறம் வாங்கலாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பாட்டுப் போடும் டிஜே தம்பிகளுக்கும், சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணன்களுக்கும்,

வணக்கம். பாலக்கோடு பக்கம் இருபத்திரண்டு வருடமாக மைக் செட் தொழில் செய்கிறவன் எழுதுகிறேன். 2004இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் நம் வண்டிகள் இன்றைக்கும் காரிமங்கலத்தில் ஸ்பீக்கர் பாக்ஸ் ஏற்றிக் காவேரிப்பட்டணத்தில் இறக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒருவர் வேலையை ஒருவர் கேட்டுக் கேட்டுப் பழகியவர்கள் நாம். அந்த உரிமையில் சொல்கிறேன்: பாக்ஸுக்குக் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட நாம் பாட்டு ஃபைலுக்குக் காட்டுவதில்லை.

போன ஆடியில் எங்கள் பக்கத்து ஊர் மாரியம்மன் திருவிழா. மேல் ஒலிக்கான புது டாப் பாக்ஸ், கீழ் ஒலிக்கான பதினெட்டு இன்ச் பேஸ் பாக்ஸ், ஜெனரேட்டர் எல்லாம் சரியாக இருந்தது. சாமி அழைப்புக்கு முன்னால் பம்பை அடித்த ரெக்கார்டிங் ஒன்றைப் போட்டார்கள். பேஸ் தரையை அதிர வைத்தது. ஆனால் தோல் மேல் குச்சி விழுகிற அந்த வெட்டு மட்டும் வரவில்லை. அடிக்கு அடி, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சலசலப்பு. வயசான பம்பைக்காரர் ஒருவர் பாக்ஸுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். "ஏம்பா, இது பம்பையா, தகர டப்பாவா?" என்றார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஃபைல் பெயரில் 320 என்று போட்டிருந்தது. ஒரு நொடிப் பாட்டுக்கு 320 கிலோபிட், சுருக்கமாக 320 கேபிபிஎஸ், என்று அர்த்தம்; எண் குறைந்தால் தரம் குறையும். அந்த ஃபைலை வாங்கிவந்து ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் திறந்தேன். பாட்டில் எந்த அதிர்வெண் வரை, அதாவது எவ்வளவு கூர்மையான ஒலி வரை இருக்கிறது என்பதை அது படமாகக் காட்டும். 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் அறுத்த மாதிரி வெறும் கருப்பு. 128 கேபிபிஎஸ்ஸில் இருந்த பாட்டை யாரோ 320 ஆக மாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இதுதான் பெரும்பாலும் அடையாளம்.

பாட்டு ஃபைலைச் சுருக்குகிற எம்பி3 முறை என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாட்டைச் சின்னச் சின்னத் துண்டாக எடுத்துக்கொண்டு, பெரிய சத்தத்தின் மறைவில் காதுக்கு எட்டாமல் போகிற சின்னச் சத்தங்களைக் கழிக்கிறது. கழிப்பதால் வருகிற இரைச்சல் அந்தத் துண்டு முழுக்கப் பரவுகிறது. இழுத்து வாசிக்கிற நாதஸ்வரத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. பம்பை, பறை, உடுக்கை இதெல்லாம் அமைதியிலிருந்து சட்டென்று வெடிக்கிறவை. அங்கே அடி விழுவதற்கு ஒரு நொடித் துளி முன்பே இரைச்சல் எட்டிப் பார்த்துவிடும். அடியின் முனை மழுங்கிவிடும். கேபிபிஎஸ் குறையக் குறைய இது கூடும். செல்போன் ஸ்பீக்கரில் தெரியாது, பெரிய பாக்ஸில் ஊருக்கே கேட்கும்.

கழித்தது கழித்ததுதான். நம் ஊர் மாங்கூழ் ஆலையில் சக்கையாக வெளியே வந்ததில் எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் கூழ் திரும்பி வருமா? 128ஐ 320 ஆக்குவதும், சுருக்காத ஃபைலான வேவ் ஆக்குவதும் அப்படித்தான். ஃபைல் பெருக்கும், பாட்டு அதேதான்.

முன்பு பென் டிரைவில் இடம் இல்லை என்று சொன்னோம், அது நியாயம். இன்றைக்கு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. சிடி தரத்தில், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஐந்து நிமிடப் பாட்டு வேவ் ஃபைலாக 53 எம்பி வரும். 64 ஜிபி பென் டிரைவில் ஆயிரம் பாட்டுக்கு மேல் கொள்ளும். ஒரு ராத்திரிக்கு எத்தனை பாட்டு போடுகிறோம்? இடம் மிச்சம் வேண்டுமென்றால் ஃபிளாக் இருக்கிறது. அது எதையும் கழிக்காமல் மடித்து வைக்கிற முறை. பிரித்தால் அப்படியே பழைய ஒலி வரும். ஆனால் மெஷின் பார்த்துப் போடுங்கள். பயோனியரின் டிஜே பிளேயரான சிடிஜே-2000 நெக்சஸில் ஃபிளாக் ஓடாது, 2016இல் வந்த நெக்சஸ் 2இல் ஓடும். பழைய மெஷின் என்றால் ஏஐஎஃப்எஃப் நல்லது. வேவ் மாதிரியே முழு ஒலி, பாட்டுப் பெயரும் படமும் கூடவே ஒட்டியிருக்கும். பென் டிரைவை ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் பல மெஷின் அதைக் கண்டுகொள்ளாது.

ஒரிஜினலிலிருந்து நேராக எடுத்த 320 எம்பி3ஐ நான் குறை சொல்லவில்லை. திறந்தவெளியில் அதற்கும் வேவுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நல்ல காதும் திணறும். கீலாக் (வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் பிடிக்கிற வசதி) போட்டு வேகத்தை ரொம்பக் குறைத்தால் கொஞ்சம் தெரியலாம். என் சண்டையெல்லாம் வீடியோவிலிருந்து உருவி, நாலு கை மாறி, மறுபடி மறுபடி மாற்றிய ஃபைலோடுதான். காசு கொடுத்து டவுன்லோடு வாங்குங்கள். வீட்டுப் பரணில் பழைய ஒரிஜினல் சிடி கிடந்தால் தூசி தட்டி எடுங்கள், அது தங்கம். மாதச் சந்தா ஆப்பில் இறக்கி வைக்கிற பாட்டு அந்த ஆப்புக்குள்ளேதான் ஓடும், அதை நம்பி மேடை ஏறாதீர்கள்.

இதில் பணமும் போகிறது. பாட்டில் மேல் ஒலி இல்லை என்றதும் நம் கை மிக்சரில் டிரெபிளைத்தான் ஏற்றுகிறது. ஆம்பில் சிவப்பு லைட் எரிகிறது. அப்படியே ஓட்டினால் டாப்பில் ஒலி எழுப்புகிற மெல்லிய தகடு, அந்த டயாபிரம், கருகுகிறது. நானே ஒரே சீசனில் மூன்று மாற்றினேன். மூன்றாவதுக்குப் பிறகுதான் பாட்டைச் சந்தேகப்பட்டேன்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன். சினிமாப் பாட்டு எங்கேயாவது நல்ல தரத்தில் கிடைத்துவிடும். நம் பக்கத்துப் பம்பைக்கும் தெருக்கூத்துக்கும் அப்படி இல்லை. அந்தப் பெரியவர் அடித்த அடியே கூட, தேய்ந்த எம்பி3ஆகத்தான் ஊருக்கு ஊர் சுற்றுகிறது. மைக் நம்மிடம் இருக்கிறது, மிக்சர் இருக்கிறது. இந்த வருடத் திருவிழாவில் கலைஞர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், மிக்சரிலிருந்து நேராக 24 பிட் வேவில் பதிவு செய்யுங்கள். அந்த ஃபைலை அழிக்காதீர்கள். யாராவது எம்பி3 கேட்டால் அதிலிருந்து ஒரு நகல் போட்டுக் கொடுங்கள்.

சீசன் இல்லாத நாளில் யார் வந்தாலும் என் கடையில் ஒரே பாக்ஸில் மாற்றிய ஃபைல், ஒரிஜினல் ஃபைல் இரண்டையும் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பென் டிரைவையும் எடுத்து வாருங்கள், ஸ்பெக்கில் சேர்ந்தே பார்ப்போம். அந்தப் பெரியவரையும் வரச் சொல்லியிருக்கிறேன். பம்பையோடு வருகிறேன் என்றார்.

அன்புடன்,
பாலக்கோட்டிலிருந்து ஒரு மைக் செட்காரன்