தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய வேன்களைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 15 வருடம் தாண்டினாலே எஞ்சின் போய்விடும் என்று எழுதியிருந்ததை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் நாமக்கல் பக்கம் மாருதி ஓம்னி இன்னும் நிறைய ஓடுகிறது. 2019-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டதால் எல்லாம் பழைய வண்டிதான். ஒரே வருடத்து வண்டிகளில் ஒன்று நீலப் புகை கக்குகிறது. இன்னொன்று சாவியைத் திருப்பியதும் எடுத்துக்கொண்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிவிடுகிறது. வயதைக் குறை சொல்லி என்ன பயன்?

பெரிய கெடுதல் காலையில்தான் நடக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்த கையோடு ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிட்டால், ஆயில் மேலே ஏறும் முன்பே உள்ளே உரசல் தொடங்கிவிடும். அதற்காகக் கால் மணி நேரம் நிறுத்தி வைத்துச் சூடேற்றவும் வேண்டாம். அரை நிமிடம் விட்டு, முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினாலே போதும்.

அப்புறம் தெர்மோஸ்டாட். கோடையில் வண்டி சூடாகிறது என்று கொண்டுபோனால், பல பட்டறைகளில் முதல் வேலையாக இதைத்தான் கழற்றுகிறார்கள். தண்ணீர் ஏறத்தாழ 80 டிகிரியைத் தொடும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்குவது இந்தச் சின்ன வால்வுதான். அது இல்லாவிட்டால், பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வரும் குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் சூடாவதே இல்லை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கே இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. ஆயில் நீர்த்துப்போகிறது, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் தேய்கின்றன. ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் போல வெள்ளையாகப் படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். உள்ளே ஈரம் தங்கியதன் அடையாளம் அது. சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போனாலும் அப்படி வரும் என்பதால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வண்டி சூடாவதற்குப் பெரும்பாலும் நம் போர் தண்ணீரே காரணம். அந்த உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? அதைச் சுத்தம் செய்து கூலன்ட் ஊற்றுவதை விட்டுவிட்டு, நல்ல வால்வைத் தூக்கி எறிகிறோம்.

ஓம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கச் சோம்பல்பட்டே பலர் ஆயில் அளவு பார்ப்பதில்லை. வெறும் 796 சிசி, மூன்று சிலிண்டர். மொத்தமே சுமார் மூன்று லிட்டர் ஆயில்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தால் மிச்சம் என்ன? டாப் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆள் நிறைய ஏற்றி மேட்டில் இழுப்பதும் பேரிங்கைச் சாப்பிடும். கியரைக் குறைத்தால் பெட்ரோல் வீணாகும் என்ற பயத்தை டிரைவர்கள் விட வேண்டும்.

புகைச் சான்றிதழ் பற்றி இவ்வளவு எழுதும் நீங்கள், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரைக் கொண்டு ரேடியேட்டர், தெர்மோஸ்டாட் பராமரிப்பு பற்றியும் கோடைக்கு முன்பே ஒரு கட்டுரை வெளியிட வேண்டும். பழைய வேனை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்குப் புது வண்டி வாங்கும் வசதி இல்லை.

இப்படிக்கு,
ஓம்னி வேன் உரிமையாளர்,
நாமக்கல்.