ஒரு கொலம் கேட்டதுக்கு ரெண்டு ரிப்போட் காணாமப் போனது பற்றி

வணக்கம். திருகோணமலையில இருந்து எழுதுறன். திருக்கடலூர்ப் பக்கம் மொத்தமா மீன் எடுக்கிற கடை எங்கட, உங்கட பில்லிங் சிஸ்டம் பாவிக்கத் தொடங்கி மூண்டு வருசம்.

நாங்க கேட்டது ஒண்டே ஒண்டு, போட் வாரியான கொள்முதல் வியூவில (டேபிள்ல இருக்கிற கணக்கை எடுத்துக் காட்டுற, சேமிச்சு வச்ச கேள்வி) ஐஸ் கழிவுக்கு ஒரு கொலம். வியாழன் ராவு உங்கட கொம்பனித் தம்பி ரிமோட்ல வந்து செஞ்சிட்டார். வெள்ளி விடிய அஞ்சரைக்கு பாரையும் சூரையும் தராசில ஏத்தியாச்சு, துண்டு அடிக்கப் போனா பெர்மிஷன் டினைட் எண்டு வருது, கேஷியர் பிள்ளை என்னைப் பாக்குது, போட்காரர் பிள்ளையைப் பாக்குறாங்க, கடைசியில அப்பா கலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கத்தில கிலோ எழுதிக் குடுத்தார். மாசக்கணக்கு ரிப்போட், கூலர் ஸ்டொக் ரிப்போட் ரெண்டும் ஆளே இல்ல.

தம்பிக்குக் கோல் எடுத்தா, "வியூவை மாத்தினா எந்த டேட்டாபேஸிலயும் அப்படித்தான் அண்ண" எண்டுறார். எனக்கும் கொஞ்சம் எஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதுற மொழி) தெரியும், அதால இந்தக் கதை வேணாம். நீங்க வச்சிருக்கிற டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதில இருக்கிற வியூவை மாத்த கிரியேட் ஓர் ரீபிளேஸ் வியூ எண்டு போட்டா பழைய கொலம் எல்லாம் அதே பேர், அதே வரிசை, அதே டைப்பில இருக்கோணும், புதுசைக் கடைசியில மட்டும் சேர்க்கலாம். அவர் ஐஸ் கழிவை நடுவில செருகப் பாத்திருக்கார், எரர் வந்திருக்கு, உடனே ட்ரொப் வியூ காஸ்கேட் போட்டு, வியூவை அதில தங்கியிருக்கிறதுகளோட சேத்தே அழிச்சிட்டுப் புதுசா செஞ்சிருக்கார். அதோட அந்த வியூவில தொங்கிக்கொண்டிருந்த ரெண்டு ரிப்போட் வியூவும் போச்சு, கேஷியருக்குக் குடுத்த கிராண்டும் (பாக்கிற அனுமதி) போச்சு. இன்னும் ரெண்டு ஒப்ஜெக்ட் சேந்து அழியுது எண்டு போஸ்ட்கிரெஸ் நோட்டீஸே காட்டும், ஆர் வாசிச்சது? எஸ்கியூஎல் சேர்வர் எண்ட டேட்டாபேஸில ஓல்டர் வியூ போட்டு மாத்தினா பெர்மிஷன் அப்படியே நிக்கும், ஒரக்கிள் டேட்டாபேஸில ரீபிளேஸ் பண்ணினாலும் கிராண்ட் போகாது, பிறகென்ன "எந்த டேட்டாபேஸிலயும்"?

நல்லவேளை வியூவுக்குள்ள டேட்டா இல்ல, டேபிள் எல்லாம் பத்திரமா இருக்கு. இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு அரை நாள் போச்சு.

திங்கள் விடியிறதுக்குள்ள அந்த ரெண்டு வியூவையும் கிராண்டையும் திருப்பித் தாங்க. ஐஸ் கழிவு கடைசிக் கொலமா இருந்தா எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. இனி கட்டாயம் ட்ரொப் பண்ணத்தான் வேணுமெண்டா, ட்ரொப், கிரியேட், கிராண்ட் எல்லாத்தையும் ஒரே ட்ரான்செக்ஷனுக்குள்ள (நடந்தா எல்லாம் நடக்கும், இல்லாட்டி ஒண்டுமே நடக்காது) போடுங்க, போஸ்ட்கிரெஸ் விடும், இடையில பிழைச்சா பழையபடியே நிக்கும். வியாழன் வேலைக்கெண்டு அனுப்பின பில்லை நாங்க கட்டமாட்டம்.

இப்படிக்கு,
கடைக் கணக்குப் பாக்கிற மகன்